திரையில் ஓதும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

மார்க்கக் கல்வியும் கைப்பேசியும் பற்றி வந்த கேள்விகளில் ஏழுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. ஓராண்டாக வீடியோ காலில் குர்ஆன் ஓதுகிறாள். வாரம் ஐந்து நாள், நாற்பது நிமிடம், பத்துப் பிள்ளைகள் சேர்ந்து. அம்ம ஜுஸ்வு (குர்ஆனின் முப்பது பாகங்களில் கடைசிப் பாகம்) முடித்துவிட்டாள். போன வாரம் என் மாமனார் கேட்டுவிட்டு, "பெரிய ஹாவும் சின்ன ஹாவும் ஒண்ணாத்தான் வருது, ரெண்டு காஃபும் ஒண்ணாத்தான் வருது" என்கிறார். உஸ்தாத் நன்றாக ஓதக்கூடியவர். பிழை எங்கே நடந்தது?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். நாற்பது நிமிடத்தைப் பத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு நான்கு நிமிடம். அதிலும் "மைக்கை ஆன் பண்ணும்மா", "சத்தம் கேக்கல" என்று ஒரு நிமிடம் போய்விடும். மிச்சம் மூன்று நிமிடத்தில் பிள்ளை பாடத்தை ஒப்பிக்கலாம். ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தித் திருத்த நேரம் ஏது?

இரண்டாவது காரணம் ஒலி. அரபு எழுத்துகளில் பெரிய ஹா (ح) தொண்டையின் நடுவிலிருந்து, உரசும் மூச்சோடு வருவது. சின்ன ஹா (ه) தொண்டையின் அடியிலிருந்து வருவது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த மூச்சுச் சத்தம்தான். வீடியோ கால் செயலிகளில் பின்னணி இரைச்சலை அடக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மின்விசிறிச் சத்தத்தையும் மூச்சுச் சத்தத்தையும் அது ஒரே மாதிரிதான் நடத்தும். ஸீன், ஸாத் போன்ற எழுத்துகளின் சீறல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு 3,400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இணைய அழைப்பு அதைவிட நல்லதுதான், ஆனால் நெட் மந்தமானால் அதுவும் ஒலியைச் சுருக்கிவிடும். ப்ளூடூத் இயர்போன் போட்டால் இன்னும் மோசம். பெரும்பாலான ப்ளூடூத் கருவிகளில், மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலியின் தரம் பேச்சுக்குப் போதுமான அளவுக்கு இறங்கிவிடும். ஆக, உஸ்தாதின் காதுக்குப் பிழை போய்ச் சேராமலே இருந்திருக்கலாம்.

மூன்றாவது நம் தமிழ். "சொல்வீராக" என்ற பொருளில் பெரிய காஃபில் (ق) தொடங்கும் சொல்லையும், "உண்பாயாக" என்ற பொருளில் சின்ன காஃபில் (ك) தொடங்கும் சொல்லையும் தமிழில் "குல்" என்றுதான் எழுத முடியும். இதயமும் "கல்பு", நாயும் "கல்பு". இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்று சூராக்களும் (குர்ஆன் அத்தியாயங்களும்) அந்தப் பெரிய காஃபில்தான் தொடங்குகின்றன. தமிழ் எழுத்தில் அச்சான சூரா புத்தகத்தைத் துணைக்கு வைத்திருந்தால் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். நம் முன்னோர் அரபுத் தமிழ் என்று அரபு எழுத்தில் தமிழை எழுதினார்களே தவிர, குர்ஆனைத் தமிழ் எழுத்தில் ஓதப் பழக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. அடுத்த ஜுஸ்வுக்குப் போகாதீர்கள். மைக் உள்ள சாதாரண ஒயர் இயர்போன் வாங்குங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஓதும் நேரத்தில் மட்டும் மின்விசிறியை நிறுத்துங்கள். செயலியில் இரைச்சல் அடக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் ஒலி வெட்டுப்படாமல் போகும். கேமரா வாய் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு முன்னால். ஃதா, தால், ழா மூன்றுக்கும் நாக்கு நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொட வேண்டும். அதை உஸ்தாத் கண்ணால் பார்த்தே திருத்திவிடலாம்.

பத்துப் பேர் வகுப்பை மூன்று பேர், அரை மணி நேரம் என்று மாற்றித் தர முடியுமா என்று உஸ்தாதிடம் கேளுங்கள். வாரம் ஐந்து நாள் வேண்டாம், மூன்று நாள் போதும். வாரத்தில் ஒரு நாளாவது ஊரிலுள்ள ஓர் ஆலிமாவின் (மார்க்கம் கற்ற பெண்ணின்) முன் நேரில் உட்கார்ந்து ஓதட்டும். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். இதயம், நாய் என்ற இரண்டு சொற்களையும் பத்துச் சீட்டில் மாற்றி மாற்றி எழுதுங்கள். பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். உங்கள் மாமனார் சீட்டைப் பார்க்காமல், காதில் விழுந்தது எது என்று குறிக்கட்டும். பத்தில் எட்டாவது பொருந்தும் வரை அந்த ஒரு ஜோடி எழுத்திலேயே நில்லுங்கள். பிறகு ஹா ஜோடி, அதன்பின் ஸீன், ஸாத், ஃதா.

ஒன்று மட்டும் வேண்டாம்: பிள்ளையின் முன்னால் உஸ்தாதைக் குறை சொல்வது.

கேள்வி: மகன் ஹிஃப்ழு (குர்ஆன் மனனம்) மதரஸாவில் எட்டாவது ஜுஸ்வில் இருக்கிறான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் செல்போன் ஆப்பில்தான் தவ்ர் (மனனம் செய்ததைத் திரும்ப ஓதுதல்) செய்கிறான். திரும்பிப் போனதும் பாடம் தடுமாறுகிறது என்கிறார் ஹஜ்ரத்.
– ஒரு தகப்பனார், பள்ளப்பட்டி

பதில்: மனனம் செய்யும் பிள்ளை சொற்களை மட்டும் மனதில் வைப்பதில்லை. 'வலது பக்கம், மேலிருந்து நான்காவது வரி' என்று இடத்தையும் சேர்த்தே வைக்கிறது. அதனால்தான் ஒரே முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) ஓதச் சொல்கிறார்கள். மதீனாவின் மன்னர் ஃபஹத் வளாகம் அச்சிடும் முஸ்ஹஃப் 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு முடியும், ஒரு ஜுஸ்வு ஏறத்தாழ 20 பக்கம். நம் மதரஸாக்களில் புழங்கும் இந்திய அச்சுகளில் 13 வரி, 15 வரி, 16 வரி என்று பல உண்டு. பல ஆப்களில் நீங்கள் முதலில் பார்ப்பது மதீனா அச்சு, அல்லது பக்கமே இல்லாமல் கீழே கீழே ஓடும் வசனங்கள். ஓடும் திரையில் 'நான்காவது வரி' என்று ஓர் இடமே கிடையாது.

குறிகளும் வேறு. இந்திய அச்சில் ஏறக்குறைய எல்லா எழுத்திலும் குறி இருக்கும். மதீனா அச்சில் இத்காம் (அடுத்த எழுத்தில் கலத்தல்), இக்ஃபா (மறைத்து ஓதுதல்) வரும் இடத்தில் நூனை வெறுமையாக விட்டிருப்பார்கள், இக்லாபுக்கு (நூன் ஒலி மீமாக மாறுவதற்கு) சிறிய மீம் வைத்திருப்பார்கள், ஓதாத அலிஃபின் மேல் சிறு வட்டம் இருக்கும். நூரானி காயிதாவில் (அரபு அரிச்சுவடியில்) எழுத்துக்கூட்டிப் பழகிய பிள்ளை அந்த வட்டத்தை ஸுகூன் (உயிரொலி இல்லாத எழுத்தின் குறி) என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

ஆகவே மதரஸாவில் எந்த அச்சோ அதே முஸ்ஹஃப் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். ஆப் கேட்பதற்கு மட்டும். மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ நிதானமாக ஓதிய கற்பித்தல் பதிவு, அல்மின்ஷாவீ ஓதச் சிறுவர்கள் திருப்பிச் சொல்லும் பதிவு இரண்டும் இதற்கென்றே இருப்பவை. மூன்று வசனத்தை ஐந்து தடவை திரும்ப ஓடும்படி வையுங்கள். ஓதியதைக் கேட்டுப் பிழை சொல்லும் ஆப்களும் இப்போது உண்டு. விட்டுப்போன சொல்லையும் மாறிப்போன வசனத்தையும் அவை நன்றாகவே பிடிக்கின்றன. மக்ரஜ் (எழுத்தொலி பிறக்கும் இடம்) பிழையில் அவற்றை நம்ப வேண்டாம். அடுத்து வர வேண்டிய சொல் எது என்று அவற்றுக்கு முன்னமே தெரியும், அதனால் அரைகுறையாகச் சொன்னதையும் சரியென்று ஏற்றுக்கொண்டுவிடும்.

விடுமுறையில் புதுப் பாடம் கொடுக்காதீர்கள். எட்டு ஜுஸ்வுக்காரனுக்கு நாளுக்கு ஒரு ஜுஸ்வு தவ்ர், இரண்டு பகுதியாக: ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) பின் பாதி, மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகைக்கு) பின் பாதி. முஸ்ஹஃபைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் கேட்க வேண்டும். உங்களுக்கு அரபு பார்த்து ஓதத் தெரிந்தால் அந்த ஒருவர் நீங்களே.

கேள்வி: உளூ (தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி) இல்லாமல் செல்போனில் குர்ஆன் ஓதலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: தொடாமல் ஓதுவதற்குச் சிறு தொடக்கு (உளூ இல்லாத நிலை) தடையில்லை. குளிப்புக் கடமையானவர் ஓதுவது வேறு சட்டம், அதைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். தொடுவதைப் பொறுத்தவரை, கைப்பேசி முஸ்ஹஃப் ஆகாது, திரை அணைந்தால் எழுத்தும் போய்விடுகிறது என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. வசனம் தெரியும்போது அந்த இடத்தை விரலால் தொடாமல் இருப்பதே பேணுதல் என்று சொல்பவர்களும் உண்டு.

கேள்வி: வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் பத்து ஹதீஸ் (நபிமொழி) வருகிறது. "சீனா சென்றேனும் கல்வி தேடு" என்பதைப் பகிர்ந்தேன், அது ஹதீஸே இல்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். சின்ன வயதிலிருந்து மேடையில் கேட்டதாயிற்றே! சாமானியர் எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: இந்தச் செய்தியை வைத்தே முறையைச் சொல்லிவிடலாம். முழு வாசகத்தில் இரண்டு துண்டுகள் உள்ளன. "சீனாவிலாயினும் கல்வியைத் தேடுங்கள்" என்பது ஒன்று, "கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை" என்பது மற்றொன்று. சீனாத் துண்டின் அறிவிப்பாளர் தொடரில் அபூ ஆதிகா என்பவர் வருகிறார். அவரை ஏற்கத் தகாதவர் என்று இமாம் புகாரீ குறித்திருக்கிறார்கள். வாசகம் பிரபலம், தொடர் பலவீனம் என்பது ஹதீஸ் அறிஞர் பைஹகீயின் முடிவு. மற்றோர் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ ஒருபடி மேலே போய் இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துவிட்டார். இரண்டாவது துண்டு இப்னு மாஜா ஹதீஸ் தொகுப்பில் 224ஆம் எண்ணில் இருக்கிறது. அந்தத் தொடரிலும் பலவீனம் உண்டு. ஆனால் பல வழிகளில் வருவதால் ஹஸன் (ஏற்கத்தக்க) தரத்தை எட்டுகிறது என்று அல்மிஸ்ஸீ போன்ற அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பலத்த துண்டோடு பலவீனமான துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது, இத்தனை காலம் செலாவணியும் ஆகிவிட்டது. நீங்கள் கேள்விப்பட்டதும் பொய்யல்ல, சண்டைக்கு வந்தவர் சொன்னதும் ஆதாரமில்லாததல்ல.

இனி, வரும் செய்திகளை எப்படிப் பார்ப்பது? நூலின் பெயரும் எண்ணும் இல்லாமல் 'நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்' என்று மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அனுப்பியவரிடம் கேளுங்கள். எண் இருந்தால் அந்த நூலைத் திறந்து பாருங்கள். அந்த எண்ணில் வேறு ஹதீஸ் இருந்தால் உடனே 'பொய்' என்று முடிவுகட்டாதீர்கள். ஸஹீஹ் முஸ்லிமுக்கு ஃபுஆத் அப்துல் பாகீ போட்ட எண் 3033இல் முடிகிறது, வேறு பதிப்புகளில் ஏழாயிரத்தைத் தாண்டுகிறது. எண் பொருந்தாவிட்டால் பாடத் தலைப்பை வைத்துத் தேடுங்கள். கிடைத்தால், நூல் புகாரீ, முஸ்லிம் அல்லாததாக இருக்கும்போது தரம் என்ன, தரம் சொன்னவர் யார் என்ற இரண்டையும் பாருங்கள். திர்மிதீ ஒவ்வொரு ஹதீஸின் கீழும் பெரும்பாலும் தாமே தரம் சொல்லியிருப்பார். கடைசியாக, மொழிபெயர்ப்பை முழுதாகப் படியுங்கள். போரின்போது சொன்னதை, ஒரு தனி மனிதரின் கேள்விக்குச் சொன்னதை, பாதியில் வெட்டி ஒரு வரிப் படமாக ஆக்கியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் பகிராமல் இருந்துவிடலாம், அதில் குற்றமில்லை. கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். 'இந்த வருட ரமளான் செய்தியை முதலில் சொன்னவருக்கு நரகம் ஹராம்' என்ற வகைச் செய்திகளைத் தேடிப் பார்க்கவே வேண்டியதில்லை. அழித்துவிடுங்கள்.

கேள்வி: மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். மார்க்கச் சந்தேகம் எல்லாவற்றையும் ஏஐயிடம் கேட்கிறான். தொழுகை நேரத்துக்கு ஆப். பள்ளிவாசல் பாங்குக்கும் ஆப்புக்கும் நேரம் வேறாக வருகிறது, ஆப்தான் சரி என்கிறான்.
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: நேரத்தை முதலில் முடித்துவிடலாம், அது கணக்கு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இருக்கும்போது ஃபஜ்ரு என்பதில் அமைப்புக்கு அமைப்பு அளவு மாறுகிறது. கராச்சி முறை 18, எகிப்து முறை 19.5, வட அமெரிக்க அமைப்பின் முறை 15. நம் ஊர்ப்பக்கம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். ஆப்பில் வட அமெரிக்க முறை இருந்தால், 18 டிகிரி கணக்கைவிட ஃபஜ்ரு பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் காட்டும். நோன்பு மாதத்தில் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் பையன் ஸஹர் (நோன்புக்கு முன் உண்ணும் உணவு) சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இஷாவில் (இரவுத் தொழுகையில்) தலைகீழ், நேரம் வருவதற்கு முன்பே தொழுதுவிடுவான். அஸ்ருக்கு (மாலைத் தொழுகைக்கு) ஷாஃபிஈ, ஹனஃபீ என்ற இரு மத்ஹபுகளின் (மார்க்கச் சட்ட வழிகளின்) படி தனித் தேர்வு இருக்கும். நிழல் ஒரு மடங்கா, இரு மடங்கா என்ற கருத்து வேறுபாடு அது. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம் வரும். ஆப்பின் அமைப்புகளைத் திறந்து, முறை, அஸ்ரு, இருப்பிடம் மூன்றையும் உங்கள் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒரு வாரம் ஒப்பிட்டுச் சரி செய்யச் சொல்லுங்கள். ப்ளஸ் டூ மாணவனுக்கு இது நல்ல பாடம், அவனே செய்யட்டும்.

இனி ஏஐ. இந்தச் செயலிகள் அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதுகின்றன. 'புகாரீ' என்று எழுதிய பிறகு ஓர் எண் வர வேண்டும் என்று அதற்குத் தெரியும். அந்த எண்ணில் அந்த ஹதீஸ் இருக்கிறதா என்பது வேறு விஷயம். இல்லாத எண்ணை, சில வேளை இல்லாத வாசகத்தையே, தயக்கமில்லாமல் தந்துவிடும்.

அதைவிட நுட்பமான ஆபத்து சட்டங்களைக் கலந்து தருவது. மஹ்ரமல்லாத (மணமுடிக்கத் தடையான நெருங்கிய உறவல்லாத) ஆணும் பெண்ணும், கணவன் மனைவி உட்பட, தோலோடு தோல் பட்டால் ஷாஃபிஈயில் உளூ முறியும், ஹனஃபீயில் முறியாது. உடலிலிருந்து இரத்தம் வெளிப்பட்டு வழிந்தால் ஹனஃபீயில் முறியும், ஷாஃபிஈயில் முறியாது. ஒருவருக்கு ஒரே உளூவில் இரண்டும் நடந்தது என்று வையுங்கள். தனித்தனியாகக் கேட்டு இரண்டுக்கும் 'முறியாது' என்று பதில் வாங்கித் தொழுதால், அந்தத் தொழுகை இரண்டு மத்ஹபின்படியும் கூடாது. ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) மாணவருக்குப் பழைய உதாரணம் இது. ஒவ்வொரு பதிலும் தனியே சரி, சேர்த்தால் பிழை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆலிம் "நீங்க எந்த மத்ஹபு? வேற என்ன நடந்தது?" என்று முதலில் கேட்பார். ஏஐ பெரும்பாலும் கேட்பதில்லை.

மகனைத் தடுத்தால் ஒளிந்து கேட்பான். சொல்லின் பொருள், வரலாறு, எந்தெந்த நூலில் தேடலாம் என்பதற்கெல்லாம் கேட்கட்டும். 'கூடுமா, கூடாதா' என்பதை மட்டும் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இமாமின் எண்ணை அவன் போனில் பதிந்து கொடுங்கள். கேட்டால் கோபப்படாத இமாம் கிடைப்பது பெரிய பாக்கியம், அப்படி ஒருவர் இருந்தால் ஜமாஅத் அவரைப் போற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் மக்தபில் (குர்ஆன் பாடசாலையில்) 60 பிள்ளைகள், ஒரே உஸ்தாத், மாலையில் ஒண்ணேகால் மணி நேரம். ஒரு நன்கொடையாளர் ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர முன்வருகிறார். ஏற்கலாமா?
– ஜமாஅத் பொறுப்பாளர், தஞ்சை மாவட்டம்

பதில்: 75 நிமிடத்தை 60 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒண்ணேகால் நிமிடம். போர்டு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. போர்டு காட்டும், ஓதிக் காட்டும், பிள்ளை ஓதுவதைக் கேட்டுத் திருத்தாது. கேட்கும் காதுகளைக் கூட்ட இரண்டு வழிதான். இன்னோர் உஸ்தாத் அல்லது ஆலிமாவை நியமிப்பது ஒன்று. அதே நன்கொடையை ஓராண்டுச் சம்பளத்துக்குத் தர முடியுமா என்று அவரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். மற்றது, திண்ணைப் பள்ளியில் இருந்த சட்டாம்பிள்ளை முறை. சென்னையில் இருந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்துத் தம் பள்ளியில் கையாண்டு 1797இல் எழுதி வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. நம்மிடமிருந்து போனதை நாமே விட்டுவிட்டோம்.

நன்றாக ஓதும் மூத்த பிள்ளைகள் ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒன்பது பேர். முதல் இருபத்தைந்து நிமிடம் உஸ்தாத் அந்த ஆறு பேருக்கு மட்டும் அன்றைய பாடத்தைத் திருத்தித் தருவார். அந்த நேரம்தான் திரைக்கு உரியது: மற்ற 54 பேரும் அன்றைய சூராவைக் கேட்டுக்கொண்டே எழுத்தெழுதிப் பழகட்டும், ஜமாஅத்தில் ஒருவர் மேற்பார்வைக்கு இருந்தால் போதும். அடுத்த முப்பத்தைந்து நிமிடம் ஆறு வட்டமாகப் பிரிந்து ஓதுவது, உஸ்தாத் சுற்றி வருவார். கடைசிப் பதினைந்து நிமிடம் துஆ, அக்லாக் (நற்பண்பு), ஒரு நபிமொழி. இப்போது ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் கிடைக்கிறது. சட்டாம்பிள்ளைக்குக் கையில் கம்பு கூடாது, பிழையைக் குறிக்க ஒரு நோட்டு மட்டும்.

இதற்கு ஸ்மார்ட் போர்டு தேவையில்லை. சாதாரண 43 அங்குல டிவியும் பென் டிரைவும் போதும். பாடத்தை முன்கூட்டிப் பதிந்து வையுங்கள், இணையத்தை மக்தபுக்குள் கொண்டுவராதீர்கள். யூடியூபில் சூரா முடிந்ததும் அடுத்து என்ன ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை.

கேள்வி: இணையத்தில் பார்த்து வெளிநாட்டு உஸ்தாத் ஒருவரிடம் மகளைச் சேர்க்கப் போகிறோம். தனி வகுப்பு. எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தாய், சென்னை

பதில்: ஓதுவதைக் கேட்பதற்கு முன் ஆளை விசாரியுங்கள். யாரிடம் ஓதினார், ஸனது (ஆசிரியர் தொடர்ச் சான்று) உண்டா, எந்த மதரஸா என்று கேட்டு அங்கேயே தொடர்புகொண்டு உறுதி செய்யுங்கள். மார்க்கம் கற்பிப்பவரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. யாரிடமிருந்து மார்க்கத்தை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள் என்பது ஆரம்பகால அறிஞர் இப்னு ஸீரீன் காலத்து எச்சரிக்கை. ஒத்த தகுதியில் ஆலிமா கிடைத்தால் அவரிடமே சேருங்கள்.

வகுப்பு கூடத்தில், கதவு திறந்திருக்க, பெரியவர் ஒருவர் காதில் விழும் தூரத்தில் நடக்க வேண்டும். செயலியின் கணக்கு உங்கள் எண்ணில், உங்கள் போனில். வகுப்பு நேரத்துக்கு வெளியே பிள்ளைக்கு நேரடிச் செய்தி எதுவும் வரக்கூடாது. 'உம்மாகிட்ட சொல்லாதே' என்ற சொல் எந்தக் காரணத்துக்காக வந்தாலும் வகுப்பு அன்றோடு முடிந்தது என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். கட்டணம் மாதாமாதம் மட்டும், ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். வகுப்பைப் பதிவு செய்து விளம்பரத்துக்குப் போட அனுமதிக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவரின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

தகாதது நடந்ததாகத் தெரிந்தால் உரையாடலை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி. குழந்தைகள் உதவி எண் 1098. காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி, தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். 'ஜமாஅத்துக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கேட்காதீர்கள்.